செட்டிநாட்டில் பழைய சின்னத் தையல் மெஷின்: தேடி, தைத்துப் பார்த்து, பேசி வாங்க ஒரு முழு வழிகாட்டி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே போய்த் தையல் மெஷின் என்று கேட்டால், பெரும்பாலும் முழு அளவுள்ள கறுப்பு மெஷினைத்தான் முன்னால் இழுத்து வைப்பார்கள். அதில் பாதி உஷா, ரீட்டா மாதிரி நம் நாட்டுத் தயாரிப்பு. நல்ல மெஷின்கள்தான், ஆனால் நாம் தேடுவது அவை அல்ல. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் போகிற மாதிரி மரப்பெட்டிக்குள் அடங்கும் முக்கால் அளவு மெஷின் வேறு ரகம். அதைத் தேடும் வழியும் சோதிக்கும் விதமும் வேறு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் வயதுக்கும் தங்க நிறப் பூவேலைக்கும் விலை சொல்வார். நீங்கள் விலை கொடுக்க வேண்டியது சுழல்கிற பாகத்துக்கும், மெஷினோடு சேர்ந்து வரும் பாபின் (அடிநூல் சுற்றும் உருளை), சட்டில் (அந்த உருளையைத் தாங்கி அடியில் ஓடும் கூடு), மூடுதகடு போன்ற சில்லறைச் சாமானுக்கும்தான். அலமாரியில் அழகுக்கு வைக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ரவிக்கை தைக்க, கிழிசல் ஒட்ட, பேத்திக்குக் கற்றுக்கொடுக்க என்றால் தொடரலாம்.

எந்த மெஷின் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சிங்கர் கம்பெனியின் முழு அளவு மெஷினின் அடித்தட்டு ஏறக்குறைய 14½ அங்குல நீளம், 7 அங்குல அகலம். முக்கால் அளவு என்பது 12 அங்குலத்தை ஒட்டி வரும். பையில் ஒரு டேப் இருந்தால் இந்தக் குழப்பம் கடை வாசலிலேயே தீர்ந்துவிடும்.

நம் பக்கம் கிடைக்க வாய்ப்புள்ளவற்றில் என் முதல் ஓட்டு சிங்கர் 99கே-க்கு. அந்த ‘கே’, ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவுக்குப் பக்கத்திலுள்ள கிளைடுபேங்க் ஊரின் கில்போவி ஆலையைக் குறிக்கும். 1980-இல் அந்த ஆலையை மூடிவிட்டார்கள். 99-இல் பாபின் மேலிருந்தே படுக்கையாக உள்ளே இறங்கும். வார்ப்பிரும்பு என்பதால் பெட்டியோடு பத்து கிலோவைத் தாண்டும். ‘தூக்கிப் போகலாம்’ என்பதை அந்தக் கால ஆட்களின் தோளை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

அதைவிடப் பழைய வடிவமைப்பு கொண்டவை 28, 128. இவற்றில் வட்டப் பாபின் கிடையாது. நீண்ட ஒல்லியான பாபின் ஒன்று, தோட்டா மாதிரியான சட்டிலுக்குள் உட்கார்ந்து அடியில் ஊசலாடும். பார்க்க அழகு, சத்தமும் இதம். ஆனால் அந்தச் சட்டில் இல்லாவிட்டால் மெஷின் வெறும் இரும்பு.

மூன்றாவது, எல்லோரும் ஆசைப்படும் 221 ஃபெதர்வெயிட். 1933-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் வெளிவந்தது. அலுமினிய உடம்பு, எடை ஐந்து கிலோ அளவுதான். நம் ஊர்ப் பக்கம் இது அபூர்வம். வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய குடும்பங்களிடம் எப்போதாவது தென்படும். கடையில் யாராவது ஃபெதர்வெயிட் என்று சொன்னால் ஒரு சின்னக் காந்தத்தை உடம்பில் வையுங்கள். ஒட்டினால் அது ஃபெதர்வெயிட் அல்ல.

இன்னொன்றும் கண்ணில் படும். ஏழு அங்குல உயரத்தில் பொம்மை மாதிரி இருக்கும் சிங்கர் 20. ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடும் குழந்தைகள் மெஷின் அது. நூல் நுனியை இழுத்தால் தையல் மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். ‘சின்ன மெஷின்’ கேட்டவருக்கு இதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், கவனம்.

ஜெர்மன் மெஷின்களும் இங்கிலாந்தின் வேறு கம்பெனி மெஷின்களும் உண்டு. தரத்தில் சிங்கருக்குக் குறைந்தவை அல்ல. உதிரிபாகம் தேடுவதுதான் பாடு. முதல் மெஷினுக்கு வேண்டாம் என்பேன்.

எங்கே தேடுவது

பர்மா, மலேயா, சிலோன் என்று கொண்டுவிற்கப் போன குடும்பங்களின் வீடுகளில் கடல் கடந்து வந்த சாமானுக்குக் குறைவில்லை. எனாமல் பாத்திரம், பெல்ஜியம் கண்ணாடி, கடிகாரம் வரிசையில் தையல் மெஷினும் உண்டு. வீடுகள் பூட்டிக்கிடக்கின்றன, சில இடிபடுகின்றன. தேக்குத் தூணுக்கும் கதவுக்கும் ஆள் முண்டியடிக்கும். மெஷின் ஒரு மூலையில் கிடக்கும்.

முனீஸ்வரன் கோயில் தெருவில் தொடங்குங்கள், ஆனால் முதல் தடவை வாங்கப் போகாதீர்கள், பார்க்கப் போங்கள். சுற்றுலா ஆட்கள் வரும் தெரு அது, விலையும் அதற்கேற்றபடி சொல்வார்கள். கடையின் முன்பக்கம் துடைத்து மினுக்கி வைத்திருப்பதைவிட, பின்கட்டில் பித்தளைக் குடத்துக்கும் பழைய விசிறிக்கும் நடுவே தூசியோடு கிடப்பதைக் கேளுங்கள். யாரும் கழற்றிப் பூட்டாத மெஷினாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து பழைய இரும்புக் கடைகள். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கோட்டையூர், பள்ளத்தூர் எங்கே பார்த்தாலும் இருக்கும். அவர்களுக்கு மெஷின் கிலோ கணக்கு. அடிக்கடி போகிற ஆள் என்றால் நம்பரைக் கொடுத்து, “அண்ணே, சின்ன மெஷின் வந்தா பெட்டியோட எடுத்து வைங்க, பெட்டிய தனியா உடைச்சுடாதீங்க” என்று சொல்லி வைக்கலாம். பெட்டியை விறகுக்கும் தலையை (மெஷினை) எடைக்கும் பிரித்துவிடுவதுதான் அங்கே நடக்கிற பெரிய சேதம்.

நான் அதிகம் நம்புவது தையல் மெஷின் மெக்கானிக்குகளை. ஊருக்கு ஒருவர் இருப்பார், சைக்கிளிலோ டிவிஎஸ்-50யிலோ வீடு வீடாகப் போய் சர்வீஸ் செய்பவர். எந்த வீட்டில் எந்த மெஷின் தூங்குகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் மூலம் போனால் அவருக்கு ஏதாவது கொடுப்பது முறை. அதைப் பேரத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்.

வீடுகளில் வாங்கும்போது ஒரு விஷயம்

செட்டிநாட்டு வீடு ஒருவர் சொத்தாக இருப்பது அரிது. பங்காளிகள் நாலைந்து பேர் சென்னையில், கோயம்புத்தூரில், சிங்கப்பூரில் இருப்பார்கள். வளவில் (நடு முற்றத்தைச் சுற்றிய பகுதி) ஆளுக்கோர் அறை, சாவியும் ஆளுக்கொன்று. “ஆச்சி, அந்த மெஷின் சும்மாதானே இருக்கு, கொடுக்கிறதா இருந்தா சொல்லுங்க” என்று கேட்டால், “எங்க மாமியார் வச்சிருந்தது, பங்காளிகளைக் கேட்டுத்தான் சொல்லணும்” என்ற பதில் வரலாம். அதைத் தட்டிக்கழிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உண்மையிலேயே கேட்டுச் சொல்ல வேண்டிய விஷயம்தான். திருவிழா, கல்யாணம் என்று எல்லோரும் ஊருக்கு வரும் சமயத்தில் மறுபடி போனால் காரியம் முடிந்துவிடும்.

வாட்ச்மேனோ வீட்டைப் பார்த்துக்கொள்பவரோ ‘நான் எடுத்துத் தருகிறேன்’ என்றால் வாங்காதீர்கள். பூட்டிய வீடுகளில் சாமான் களவு போவது இந்தப் பக்கம் புதிதல்ல. கொடுப்பவர் பெயர், தேதி, மெஷின் நம்பர், தொகை நான்கையும் ஒரு தாளில் எழுதி கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் வாங்கினாலும் ரசீது கேளுங்கள்.

பையில் என்ன எடுத்துப் போக வேண்டும்

டேப், காந்தம், டார்ச். ஒரு பக்கம் தட்டையாக இருக்கும் சாதாரண வீட்டு மெஷின் ஊசி, 14 அல்லது 16 நம்பர். 99, 28, 221 மூன்றுக்குமே இந்த ஊசிதான். கடையில் கேட்கும்போது தட்டை முதுகு ஊசி என்று சொல்லி வாங்குங்கள், கார்மெண்ட்ஸ் மெஷினுக்கான உருண்டை ஊசியைக் கொடுத்துவிடப் போகிறார்கள். வெள்ளை நூல் ஒன்று, சிவப்பு நூல் ஒன்று. கொஞ்சம் காட்டன் துணி, மடித்தால் நாலு மடிப்பு வரும் அளவுக்கு. ஸ்க்ரூ டிரைவர் சின்னது, பெரியது. மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பி. 99 கிடைக்கும் என்று தெரிந்தால் அதற்கான 66 வகைப் பாபின் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்துக் கையோடு வைத்துக்கொள்வது நல்லது. ஊர்க் கடையில் கிடைக்கும் உஷா பாபினின் பக்கங்கள் தட்டையாக இருக்கும், 66 பாபினின் பக்கங்கள் லேசாகப் புடைத்திருக்கும். மாற்றிப் போட்டால் சுற்றும், ஆனால் சரியாகத் தைக்காது. ‘கொஞ்சம் ராவிவிட்டால் சரியாகிடும்’ என்று அரத்தை எடுப்பவரிடம் மெஷினைக் கொடுக்காதீர்கள்.

நம்பரும் பேட்ஜும்

கைப்பிடிச் சக்கரத்துக்குக் கீழே, அடித்தட்டின் வலது ஓரத்தில் நம்பர் இருக்கும். எழுத்து இல்லாமல் வெறும் எண் மட்டும் இருந்தால் 1900-க்கு முந்தைய சிங்கர். இரண்டு ஆங்கில எழுத்தோடு தொடங்கி, முதல் எழுத்து ‘இ’ (E) என்றால் கிளைடுபேங்க். ‘ஏ’ (A) என்றால் அமெரிக்காவின் எலிசபெத் ஆலை. நம்பரை வைத்து ஆண்டு சொல்லும் பட்டியல்கள் இணையத்தில் உண்டு. அவை அந்த நம்பர்களை ஆலைக்கு ஒதுக்கிய ஆண்டைத்தான் சொல்கின்றன, அதே வருஷம் மெஷின் விற்றது என்று அர்த்தமில்லை.

முன்தூணில் உள்ள வட்டப் பேட்ஜில் 1851–1951 என்று போட்டிருக்கும் மெஷின்கள் உண்டு. கம்பெனியின் நூற்றாண்டுக்காகப் போட்டது அது. அதைக் காட்டி ‘1851-ல செஞ்ச மெஷின் சார்’ என்று சொல்லும் கடைக்காரரை நீங்கள் கட்டாயம் சந்திப்பீர்கள். சண்டை வேண்டாம், சிரித்துக்கொண்டே நம்பரைப் பாருங்கள். 1950-ஐ ஒட்டிய மெஷினாக இருக்கும், தைக்க அதுவே நல்ல காலம்.

புது பெயின்ட் அடித்துப் புது ஸ்டிக்கர் ஒட்டிய தலைகளும் உலவுகின்றன. அசல் பூவேலையில் விரல் படும் இடங்கள், முக்கியமாக அடித்தட்டின் முன்விளிம்பு, தேய்ந்திருக்கும். எல்லா இடமும் ஒரே பளபளப்பாக இருந்தால் சந்தேகப்படலாம்.

சுற்றிப் பார்ப்பது

இங்கேதான் நேரம் எடுக்க வேண்டும். கடைக்காரர் அவசரப்படுத்தினால் டீ சொல்லச் சொல்லி உட்கார்ந்துவிடுங்கள்.

சக்கரத்தை மேல்புறம் உங்களை நோக்கி வரும்படி மெதுவாகச் சுற்றுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

ஒன்று, சுலபமாகச் சுற்றி ஊசித்தண்டும் ஏறி இறங்கும். நல்லது.

இரண்டு, சக்கரம் சுற்றும், ஊசி அசையாது. ‘உள்ள உடைஞ்சுபோச்சு’ என்று கடைக்காரரே விலையைக் குறைத்துவிடுவார். சக்கரத்தின் நடுவில் உள்ள குமிழைப் பாருங்கள். பாபினில் நூல் சுற்றும்போது ஊசி ஓடாமல் இருக்க அதைத் தளர்த்துவார்கள். கடைசியாகத் தைத்தவர் இறுக்க மறந்திருப்பார், அவ்வளவுதான். இறுக்கியும் பிடிக்கவில்லை என்றால் உள்ளே இருக்கும் காது வைத்த வாஷரை யாரோ திருப்பிப் போட்டிருக்கலாம். அதைத் திருப்பிப் போட்டால் முடிந்தது.

மூன்று, சக்கரமே அசையாது. பெரும்பாலும் துருவாக இருக்காது. பூட்டிய அறையில் வருஷக்கணக்கில் நின்ற பழைய எண்ணெய், வெல்லப்பாகு ஆறிய மாதிரி பழுப்பாகி இறுகியிருக்கும். நம் வீடுகளில் மெஷின் ஆயில் தீர்ந்தால் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் உண்டு, அது தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். டார்ச் அடித்து ஊசித்தண்டு, அடிப்பக்க மூட்டுகளைப் பாருங்கள். நிறம் பழுப்பும் பளபளப்புமாக இருந்தால் எண்ணெய்ப் பிசின், மீட்டுவிடலாம். செம்மண் நிறத்தில் பொருபொருவென்று குழி விழுந்திருந்தால் துரு. அடியில் மேல் நூலைப் பிடிக்கும் கொக்கி ஓடும் பள்ளத்தில் அப்படிக் குழி இருந்தால் விட்டுவிடுங்கள். எந்தக் காரணம் கொண்டும் பலம் போட்டுச் சுற்ற வேண்டாம்.

மெஷினைப் பின்பக்கம் சாய்த்து அடியைப் பார்க்க வேண்டும். சாய்ப்பதற்கு முன், பின்னால் உள்ள இரண்டு கீல் ஆணிகளையும் பிடித்திருக்கும் ஸ்க்ரூ இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்திருந்தால் தலை கழன்று காலில் விழும்.

ஊசித்தட்டில் ஊசி இறங்கும் ஓட்டையைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். ஊசி குத்தி நெரடாக இருந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். துணியை நகர்த்தும் பல் கூராக இருக்க வேண்டும், மழுங்கியிருந்தால் பேரத்துக்கு ஒரு பிடி. ஊசித்தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், லொடலொட என்றால் நிறைய உழைத்த மெஷின்.

கைமெஷின் என்றால் சக்கரத்தில் ஆரம் (நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் கம்பி) இருக்க வேண்டும். கைப்பிடியின் நாக்கு அந்த ஆரத்துக்கு நடுவே போய்த்தான் சக்கரத்தைச் சுழற்றும். முழுத் தட்டாக மூடிய சக்கரம் உள்ள மெஷின் மோட்டாருக்கானது. ‘கைப்பிடி போட்டுத் தரேன்’ என்று சொன்னால் சக்கரத்தையும் மாற்ற வேண்டிவரும் என்பதைக் கணக்கில் சேருங்கள்.

சில்லறைச் சாமான்

99-இல் பாபினை மூடும் பளபளப்பான தகடு, உள்ளே பாபின் கேஸ். 28-இல் சட்டிலும் நீளப் பாபினும். ஃபெதர்வெயிட்டில் பாபின் கேஸ், சாதாரண மெஷினின் கேஸ் அதற்குப் பொருந்தாது, தனியாக வாங்கினால் வலிக்கும். இவற்றில் ஒன்று இல்லை என்றாலும் விலையை நன்றாகக் குறைத்துப் பேச வேண்டும். அதற்கு முன் அடிப்பலகையில் உள்ள சின்ன அறையைத் திறந்து பாருங்கள். பட்டன், ஊக்கு, கிழிந்த ஜரிகைத் துண்டுக்கு நடுவே சட்டில் கிடக்கும். கடைக்காரரே அதைத் திறந்து பார்த்திருக்க மாட்டார். பாபினில் நூல் சுற்றும் பாகத்தின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் கவலை வேண்டாம், அதே அளவு ரப்பர் வளையம் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும்.

பெட்டியைத் தட்டிப் பாருங்கள். கரையான் அரித்த பலகை பொத்தென்று கேட்கும். மூடியின் கைப்பிடியைப் பிடித்து நேராகத் தூக்கிவிடாதீர்கள். பூட்டு பிடிக்காமல் இருந்தால் மூடி கையோடு வரும், மெஷின் தரையில் இருக்கும். சாவி தொலைந்திருப்பது சாதாரணம், பெரிய குறையல்ல.

கரண்ட் மெஷின் என்றால்

மோட்டாரின் தகட்டில் எத்தனை வோல்ட் என்று படியுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்தது 110 வோல்ட்டாக இருக்கும். நம் 230-இல் சொருகினால் புகைதான். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் தொடாதீர்கள். பழைய ஒயரின் ரப்பர், வளைத்தால் தூளாக உதிரும். உதிர்ந்தால் கடையில் போட்டுப் பார்க்கவே வேண்டாம், சக்கரத்தைக் கையால் சுற்றித் தைத்துப் பார்த்துவிட்டு, ஒயர் மாற்றும் செலவைக் கழித்து விலை பேசுங்கள். ஃபெதர்வெயிட்டின் மோட்டாருக்குள் எண்ணெய் விடக்கூடாது. அதற்குக் கிரீஸ்தான்.

தைத்துப் பார்ப்பது

ஊசியை மாற்றுங்கள், கடையில் உள்ள ஊசியை நம்பாதீர்கள். ஊசியின் நீளப் பள்ளம் உள்ள பக்கத்திலிருந்துதான் நூல் கோக்க வேண்டும். தட்டை முதுகு அதற்கு எதிர்ப்பக்கம். ஃபெதர்வெயிட்டில் தட்டை முதுகு இடப்புறம் பார்க்கும், நூல் வலமிருந்து இடமாகப் போகும். எந்த மாடலிலும் தையலே விழவில்லை என்றால் முதல் சந்தேகம் ஊசி திரும்பியிருப்பதுதான்.

மேலே சிவப்பு, பாபினில் வெள்ளை. இரண்டு மடிப்புத் துணியில் ஒரு சாண் தைத்துத் திருப்பிப் பாருங்கள். அடியில் சிவப்பு கொத்துக் கொத்தாக வந்தால் மேல் டென்ஷன் (நூல் இறுக்கம்) தளர்ச்சி, அல்லது துணியை அழுத்தும் பாதத்தை இறக்காமல் தைத்திருப்பீர்கள். மேலே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் மேல் நூல் இறுக்கம். இவை திருகினால் சரியாகும் விஷயங்கள். திருகியும் தையல் விட்டு விட்டு விழுந்தால் கொக்கியின் கூர் போயிருக்கலாம், அது செலவு. பிறகு நாலு மடிப்பு. நல்ல 99 முணுமுணுக்காமல் ஏறும்.

பின்தையல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிற்கால 99கே-யில் நெம்புகோலை மேலே தள்ளினால் பின்னோக்கித் தைக்கும். முந்தையவற்றில் கிடையாது, துணியைத் திருப்பிப் பிடித்துத்தான் முடிச்சுப் போட வேண்டும். ரவிக்கை தைப்பவர்களுக்கு இது முக்கியம்.

விலை

புதிய சாதாரணக் கறுப்பு மெஷின் என்ன விலை என்று வாங்கப் போகும் நாளில் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். என் கணக்கில், நன்றாகத் தைக்கும், சாமான் குறையாத 99 அந்த விலையை ஒட்டி இருந்தால் நியாயம். தைக்காதது, சட்டில் இல்லாதது எல்லாம் பழைய இரும்பு விலையிலிருந்து மேலே ஏற வேண்டுமே தவிர, ஷோ பொருள் விலையிலிருந்து கீழே இறங்கக் கூடாது. ஃபெதர்வெயிட்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அதை வெளிநாட்டு விலை தெரிந்தவர்கள்தான் விற்கிறார்கள்.

பேசும்போது குறைகளை அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். பாட்டி மெஷினை நொட்டை சொன்னால் ஆச்சிக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் மெஷின் வராது. கடையில் வேறு மாதிரி: “அண்ணே, எனக்குத் தைக்கணும், ஷோவுக்கு இல்ல. சட்டில் வேற தேடணும். அதப் பார்த்துச் சொல்லுங்க” என்று ஒரே குறையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.

கொண்டுவந்த பிறகு

பஸ்ஸிலோ, பல்லவன் எக்ஸ்பிரஸிலோ ஏற்றுவதற்கு முன் மூடியையும் அடியையும் சேர்த்து கயிறு போட்டுக் கட்டுங்கள். ஊசியைக் கழற்றிவிடுங்கள். பாதத்துக்கு அடியில் துணி வைத்து இறக்குங்கள். பார்சலில் அனுப்புவதானால் தலையைக் கீலிலிருந்து கழற்றித் தனியாகச் சுற்றினால்தான் பிழைக்கும்.

இறுகிய மெஷினுக்கு மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக ஒவ்வொரு மூட்டிலும் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். அடுப்படிப் பக்கம் வேண்டாம், மோட்டார் இருந்தால் அதன்மேல் பட வேண்டாம். காலையில் லேசாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள், அசையாவிட்டால் மறுபடி விட்டுக் காத்திருங்கள். அசைந்ததும் பழைய அழுக்கைத் துணியால் எடுத்துவிட்டு மெஷின் ஆயில். வெளிப்பூச்சைத் துடைக்க ஸ்பிரிட், சானிடைசர் எதையும் தொடாதீர்கள், பூவேலைக்கு மேலுள்ள பூச்சு கரைந்து மங்கிவிடும். மெஷின் ஆயில் தொட்ட பருத்தித் துணி போதும். முதல் நாள் எண்ணெய் விட்டதும் பழைய துணியில் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். மீதி எண்ணெய் ஊசி வழியாக இறங்கி அதில் கறை போட்டு முடிந்த பிறகு நல்ல துணியை வைக்கலாம்.